ஒரே பாறை, இரண்டு ஆய்வுகள்: கொலராடோ பீடபூமியின் யுரேனியக் கதை

1950களின் தொடக்கத்தில் கொலராடோ, யூட்டா எல்லையை ஒட்டிய யுரேனியச் சுரங்கங்களுக்குள் அமெரிக்க அரசாங்கத்தின் இரண்டு வகை ஆய்வாளர்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். ஒரு சாரார் கையில் சுத்தியும், கதிர்வீச்சை அளக்கும் கைகர் கவுண்டரும் இருந்தன. மணற்பாறையின் நிறம், தாது எந்தப் பக்கம் வளைகிறது, அதற்குள் புதைந்த மரத்துண்டுகள் எத்தனை என்று குறித்துக்கொண்டார்கள். இன்னொரு சாரார் காற்றை உறிஞ்சி நீக்கிய கண்ணாடிக் குடுவைகளோடு வந்து, சுரங்கத்துக் காற்றை அதில் பிடித்துக்கொண்டு போனார்கள்.

முதல் சாரார் கண்டுபிடித்தவை வரைபடங்களாகவும் துளையிடும் திட்டங்களாகவும் உடனுக்குடன் வேலைக்கு வந்தன. இரண்டாம் சாரார் கண்டுபிடித்ததும் அதே அளவு உறுதியானதுதான். ஆனால் அது சுரங்கத் தொழிலாளியைக் காக்கும் கூட்டாட்சி விதியாக மாற 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரே அரசாங்கம், ஒரே பாறை, ஏறக்குறைய ஒரே காலம். அப்படியிருந்தும் ஓர் ஆய்வு ஏன் ஓடியது, மற்றொன்று ஏன் கோப்பிலேயே கிடந்தது என்பதுதான் இந்த நிகழ்வு ஆய்வின் கேள்வி. பனிப்போர் அவசரம் என்று பொதுவாகச் சொல்லப்படும் பதில் பாதிதான் சரி என்பது என் கருத்து. அதற்கான காரணம், கதை 1957ஐத் தாண்டும்போது தெரியும்.

குப்பை மேட்டில் கிடந்த உலோகம்

கொலராடோ பீடபூமி என்பது கொலராடோ, யூட்டா, அரிசோனா, நியூ மெக்சிகோ ஆகிய நான்கு மாநிலங்கள் சந்திக்கும் வறண்ட மேட்டு நிலம். அங்குள்ள மணற்பாறையில் பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில் ஒரு கனிமம் ஒட்டிக்கொண்டிருக்கும். கார்னோடைட் என்பது அதன் பெயர். பொட்டாசியம், யுரேனியம், வனேடியம் மூன்றும் சேர்ந்தது. 1910களில் ரேடியத்துக்காக அதைத் தோண்டினார்கள். 1920களின் தொடக்கத்தில் பெல்ஜியன் காங்கோவின் வளமான தாது சந்தைக்கு வந்ததும் அந்தத் தொழில் படுத்துவிட்டது. 1930களில் எஃகுக்கு வலுவூட்ட வனேடியம் தேவைப்பட்டதால் அதே சுரங்கங்கள் மறுபடி திறந்தன. அப்போது யுரேனியத்தைக் கேட்பார் கிடையாது. வனேடியத்தை எடுத்துவிட்டு மிச்சத்தை ஆலைக்குப் பின்னால் கொட்டினார்கள்.

போர் வந்ததும் அந்தக் கழிவு மேட்டுக்கு மதிப்பு வந்தது. அணுகுண்டு தயாரிக்க அமைத்த மன்ஹாட்டன் திட்டம் அதையும் அலசி யுரேனியம் எடுத்தது. ஆனாலும் போர்க்கால யுரேனியத்தில் பெரும்பகுதி காங்கோவின் ஷிங்கோலோப்வே சுரங்கத்திலிருந்தும், அதற்கடுத்து கனடாவின் கிரேட் பேர் ஏரிக் கரையிலிருந்தும்தான் வந்தது. ஷிங்கோலோப்வேயின் சிறந்த தாதுவில் யுரேனியம் ஆக்சைடு 65 சதவீதம் வரை இருந்தது. கொலராடோ மணற்பாறையில் 0.2, 0.3 சதவீதம் இருந்தாலே நல்ல தாது. இந்த இடைவெளியைப் பார்த்தால் 1945இல் வாஷிங்டனில் இருந்தவர்களின் கவலை புரியும். ஆயுதத் திட்டம் பெருமளவு கடல் கடந்த ஒரே ஒரு சுரங்கத்தை நம்பியிருந்தது.

1946 ஆகஸ்ட் 1 அன்று அதிபர் ட்ரூமன் அணுசக்திச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1947 ஜனவரி 1 முதல் பொறுப்பு இராணுவத்திடமிருந்து அணுசக்தி ஆணையத்துக்கு மாறியது. உள்நாட்டிலேயே யுரேனியம் கண்டுபிடிக்க வேண்டும் என்பது ஆணையத்தின் முதல் வேலைகளில் ஒன்று. பாறையைப் படிக்கும் பெரும்பொறுப்பு அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்திடம் போனது. அந்த அறிக்கைகளுக்கு ‘சுவடு தனிம ஆய்வுகள்’ என்று பெயர் வைத்தார்கள். பெயரைப் பார்த்து இது யுரேனியம் சமாச்சாரம் என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது.

பாறையைப் படித்தவர்கள்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அரசு ஆய்வு எவ்வளவு நன்றாக நடக்க முடியும் என்பதற்கு இது சான்று.

ரிச்சர்ட் ஃபிஷர் என்ற புவியியலாளர் போருக்கு முன்பே வனேடியத்துக்காக இந்தப் பீடபூமியைச் சுற்றியவர். அவரும் ஹில்பர்ட்டும் சேர்ந்து 1952இல் வெளியிட்ட ஆய்வு ‘யுரவான் கனிமப் பட்டை’ என்ற கருத்தை நிலைநாட்டியது. தாதுப் படிவுகள் கண்டபடி சிதறிக் கிடக்கவில்லை, வளைந்த ஒரு குறுகலான பட்டைக்குள் கூட்டங்கூட்டமாக இருக்கின்றன என்று அவர்கள் காட்டினார்கள். ஆயிரக்கணக்கான சதுர மைல் பாலைவனத்தில் எங்கே தேடுவது என்று திணறிக்கொண்டிருந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

பட்டைக்குள் போன பிறகு எங்கே துளையிடுவது? அதே ஆண்டு வியர் எழுதிய வழிகாட்டி இதற்குப் பதில் சொன்னது. தாது இருப்பது மோரிசன் பாறைத் தொகுதியின் அடிப்பகுதியான சால்ட் வாஷ் அடுக்கில். ஜுராசிக் காலத்து ஆறுகள் கொண்டுவந்து போட்ட மணல் அது. மணற்பாறை 40 அடிக்கு மேல் தடிமனாக இருந்தால் நல்லது. செந்நிறமாக இருந்தால் தள்ளிவிடலாம், வெளிறிய பழுப்பாக இருந்தால் நின்று பார்க்க வேண்டும். அடியில் இருக்கும் களிப்பாறை சிவப்பிலிருந்து சாம்பல் நிறத்துக்கு மாறியிருந்தால் பக்கத்தில் தாது இருக்க வாய்ப்பு அதிகம். கருகிப்போன மரத்துண்டும் இலைச் சருகும் கலந்திருந்தால் இன்னும் நல்லது. துளையிட்டு எடுத்த பாறை உருளையில் யுரேனியம் துளிகூட இல்லாவிட்டாலும், இந்த நான்கு அடையாளங்களை வைத்து அடுத்த துளையை எந்தப் பக்கம் போடுவது என்று முடிவெடுக்கலாம். கைகர் கவுண்டர் மௌனமாக இருக்கும் இடத்திலும் பாறை பேசும் என்பதுதான் இந்த முறையின் பலம்.

மரத்துண்டு ஏன் முக்கியம் என்பதற்கு வேதியியலில் விடை இருந்தது. ஆக்சிஜன் கலந்த நிலத்தடி நீரில் யுரேனியம் எளிதில் கரைந்து பயணம் செய்யும். அழுகிய தாவரப் பொருளோ, இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் கனிமமோ இருக்கும் இடத்துக்கு வந்தால் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். உடனே யுரேனியம் கரையாத வடிவத்துக்கு மாறிப் படிந்துவிடும். ராபர்ட் கேரல்ஸ் இந்த நிறுவனத்தில் இருந்தபோது, எந்தச் சூழலில் யுரேனியமும் வனேடியமும் எந்த வடிவத்தில் நிற்கும் என்பதை வெப்ப இயக்கவியல் கணக்குகளாகப் போட்டுக் காட்டினார். அந்தக் கணக்குகள் பிறகு புவி வேதியியல் பாடத்தின் அடிப்படையாகவே ஆகிவிட்டன. ஆலிஸ் வீக்ஸ் என்ற கனிமவியலாளர் பீடபூமியின் யுரேனிய, வனேடியக் கனிமங்களை ஒவ்வொன்றாக அடையாளம் காட்டினார். மேலே தெரியும் மஞ்சள் கார்னோடைட் வெயிலும் காற்றும் பட்டு மாறிய தாது, ஆழத்தில் மாறாமல் இருப்பது கருப்புத் தாது என்பது மெல்ல மெல்லத் தெளிவானது. மேசா கவுண்டியின் லா சால் சுரங்கத்தில் கிடைத்த அப்படியொரு கருப்புக் கனிமத்துக்கு 1950களின் நடுவில் காஃபினைட் என்று பெயர் வைத்தார்கள். அதுவரை உலகம் அறியாத கனிமம் அது.

ஆய்வகத்தில் நடந்ததும் சாதாரணம் அல்ல. குறைந்த அளவு யுரேனியத்தை அளக்க ஒளிர்வு முறையைப் பயன்படுத்தினார்கள். பாறைப் பொடியைக் கரைத்து, அதில் மிகச் சிறிய பங்கை எடுத்து, ஃபுளூரைடு கலந்த உப்போடு பிளாட்டினக் கிண்ணத்தில் உருக்குவார்கள். ஆறியதும் சின்ன வில்லையாக உறையும். அதைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால் யுரேனியம் மஞ்சள் கலந்த பச்சையில் ஒளிரும். ஒளியின் அளவுதான் யுரேனியத்தின் அளவு. பத்து லட்சத்தில் சில பங்கு இருந்தாலும் அகப்பட்டுவிடும். இரும்போ மாங்கனீஸோ கலந்திருந்தால் ஒளி மங்கிவிடும் என்பதால் அதற்கும் திருத்தம் செய்யக் கற்றுக்கொண்டார்கள்.

ஃபுளோரிடாவின் பாஸ்பேட், டென்னசி பக்கத்துச் சட்டனூகா களிப்பாறை, டகோட்டாவின் பழுப்பு நிலக்கரி என்று வேறு பல இடங்களிலும் தேடினார்கள். சட்டனூகாவில் யுரேனியம் மொத்த அளவில் ஏராளம், ஆனால் செறிவு 0.006 சதவீதம் சுமார். மணற்பாறையில் தாது கிடைக்கத் தொடங்கியதும் இதையெல்லாம் யாரும் சீண்டவில்லை.

விலை சொன்ன சுற்றறிக்கை

ஆய்வு அறிக்கை ஒன்றால் மட்டும் சுரங்கம் தோன்றாது. அணுசக்தி ஆணையம் இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தது. நாட்டில் யுரேனியத் தாதுவை வாங்க அதற்கு மட்டுமே வழி இருந்தது. வாங்குபவர் ஒருவரே என்றால் விலையை வைத்தே எதையும் நடத்தலாம்.

1948 ஏப்ரலில் முதல் சுற்றறிக்கைகள் வந்தன. ஒன்று பத்தாண்டுகளுக்கு உத்தரவாத விலை தந்தது. இன்னொன்று உயர்தரப் படிவு கண்டுபிடிப்பவருக்கு 10,000 டாலர் பரிசு அறிவித்தது. அந்தப் பரிசுக்கு 20 சதவீதத் தரம் வேண்டும் என்று நிபந்தனை. பீடபூமியின் மணற்பாறைக்கு அது எட்டாக்கனி. காங்கோவையே நினைத்துக்கொண்டு யாரோ எழுதியது போலத்தான் இருக்கிறது. மூன்றாவது சுற்றறிக்கைதான் கார்னோடைட் தாதுவுக்கானது. அதன் வழிவந்த ஐந்தாம் சுற்றறிக்கையை 1951இல் திருத்தியபோது விஷயம் சூடுபிடித்தது. தாதுவில் 0.10 சதவீதம் இருந்தால் பவுண்டுக்கு 1.50 டாலர், 0.20 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் 3.50 டாலர். அதே ஆண்டு வந்த ஆறாம் சுற்றறிக்கை, புதிய சுரங்கத்தின் முதல் உற்பத்திக்கு 35,000 டாலர் வரை ஊக்கத்தொகை தந்தது.

இத்தோடு நிற்கவில்லை. தாதுக் கொள்முதல் நிலையங்கள், ஆலைகளோடு ஒப்பந்தங்கள், பாலைவனத்துக்குள் போகச் சாலைகள் எல்லாம் வந்தன. கிராண்ட் ஜங்ஷன் நகரத்து அலுவலகம் இதற்கெல்லாம் மையம். ஆணையத்தின் சிறிய விமானங்கள் மலைமுகடுகளை உரசுவதுபோலத் தாழப் பறந்து, கதிர்வீச்சு கூடுதலாக இருந்த இடங்களைக் குறித்தன. அந்த வரைபடங்களை மாதந்தோறும் ஒட்டுவார்கள். நிலத்தில் சுரங்க உரிமை கோரி ‘கிளெய்ம்’ போட ஆட்கள் ஜீப்பை எடுத்துக்கொண்டு பறப்பார்கள். ஆணையமே பொது நிலங்களை ஒதுக்கிவைத்து, துளையிட்டுத் தாது இருப்பதை உறுதிசெய்து, பிறகு குத்தகைக்கும் விட்டது. இந்தக் குத்தகை விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அரசு ஊகம் தோற்ற இடம், ஜெயித்த இடம்

அரசுப் புவியியல் எல்லா இடத்திலும் ஜெயித்தது என்று சொல்ல முடியாது. சார்லி ஸ்டீன் என்ற டெக்சாஸ்காரர், எண்ணெய்த் தொழிலில் பழகிய புவியியலாளர். யூட்டாவின் மோவாப் நகருக்குத் தெற்கே லிஸ்பன் பள்ளத்தாக்கில் கிளெய்ம் போட்டார். அங்கே பெரிதாக எதுவும் கிடைக்காது என்பது ஆணையத்து நிபுணர்களின் கருத்து. கைகர் கவுண்டர் வாங்கக்கூட அவரிடம் பணம் இல்லை. 1952 ஜூலையில் 73 அடி ஆழத்தில் துளைக் கருவி ஒரு கருப்பு அடுக்கைத் தொட்டது. மஞ்சள் தாதுவை எதிர்பார்த்தவர் அதைப் பொருட்படுத்தவில்லை, இன்னும் ஆழமாகப் போனார். 197 அடியில் துளைக் குழாய் உடைந்து சிக்கிக்கொண்டது. கையில் இருந்த கருப்புத் துண்டை சிஸ்கோ ஊரில் ஒரு நண்பரின் கைகர் கவுண்டர் முன் காட்டியபோதுதான் முள் எகிறியது. அது யுரேனினைட், யுரேனியம் செறிந்த கருப்புத் தாது. மி வீடா சுரங்கம் பிறந்தது, நாடு முழுவதும் யுரேனிய மோகம் பற்றிக்கொண்டது.

இதற்கு நேர் எதிரான உதாரணம் வயோமிங்கில். விமான ஆய்வில் தென்பட்ட குறிப்பைப் பின்தொடர்ந்து, புவியியல் ஆய்வு நிறுவனத்தின் டேவிட் லவ் 1951இல் பம்ப்கின் பட்ஸ் குன்றுகளுக்குப் போனார். மேலே படிந்திருந்த எரிமலைச் சாம்பலிலிருந்து யுரேனியம் நீரில் கரைந்து கீழே உள்ள மணற்பாறைக்கு இறங்கியிருக்கலாம் என்பது அவர் ஊகம். ஆழத்திலிருந்து பாறைப் பிளவுகள் வழியே ஏறும் சூடான நீர்தான் யுரேனியத்தைக் கொண்டுவரும் என்று நம்பியவர்கள் அவரை லேசில் விடவில்லை. கடைசியில் வயோமிங் நாட்டின் முக்கிய யுரேனிய மாநிலங்களில் ஒன்றாக ஆனது. அங்கே பிறை வடிவில் வளைந்து கிடக்கும் படிவுகளை இன்று உலகம் முழுவதும் அதே நிலத்தடி நீர்க் கோட்பாட்டை வைத்துத்தான் தேடுகிறார்கள்.

1955 ஆகஸ்டில் ஹோமி பாபா தலைமையில் ஜெனீவாவில் ஐ.நா. மாநாடு நடந்தபோது, அதுவரை மூடிவைத்திருந்த இந்த அறிவு உலகத்தின் முன் வைக்கப்பட்டது. பத்து ஆண்டுக்குள் ஒரு புதிய துறையையே உருவாக்கிவிட்டார்கள் என்றால் அது மிகையில்லை.

காற்றைப் பிடித்தவர்கள்

இனி இரண்டாவது கோப்பு. இது 1946இல் தொடங்கவில்லை. ஜெர்மனியின் ஷ்னீபெர்க் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரும் நோய் நுரையீரல் புற்று என்று 1879லேயே ஹேர்டிங், ஹெஸ்ஸே இருவரும் எழுதினார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த யோவாக்கிம்ஸ்தாலிலும் அதே கதை. 1930களில், யுரேனியம் படிப்படியாகச் சிதையும்போது உண்டாகிப் பாறையிலிருந்து கசியும் ரேடான் என்ற கதிரியக்க வாயு மீது சந்தேகம் விழுந்தது. அதே சமயம், 1944இல் அமெரிக்கப் புற்றுநோய் நிறுவனத்தின் எகான் லோரன்ஸ், ரேடான் ஒன்றே காரணம் என்று அறுதியிட முடியாது என்று எழுதினார். இந்த மறுப்பு பிற்பாடு பலருக்கு வசதியாகப் போய்விட்டது.

அணுசக்தி ஆணையத்துக்கு உள்ளேயே எச்சரிக்கை மணி அடித்தது. நியூயார்க் அலுவலகத்தைச் சேர்ந்த மெரில் ஐசன்பட், பெர்னார்ட் உல்ஃப் ஆகியோர் 1948 வாக்கில் பீடபூமிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, சுரங்கங்களில் கட்டுப்பாடு வேண்டும் என்றார்கள். கொலராடோ சுகாதாரத் துறையின் ரால்ஃப் பேட்டியும் குரல் கொடுத்தார். ஆணையத்தின் சட்டப் பிரிவு வேறு பதில் சொன்னது. இயற்கையில் கிடக்கும் இடத்திலிருந்து தாது எடுக்கப்பட்ட பிறகுதான் 1946 சட்டப்படி எங்கள் அதிகாரம் தொடங்குகிறது, சுரங்கத்துக்குள் மாநிலங்களின் பொறுப்பு என்றது.

1949இல் அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரச் சேவை களத்தில் இறங்கியது. டங்கன் ஹாலடே என்ற பொறியாளர் தலைமையில் குழு அமைந்தது. அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்களின் நிலத்துச் சுரங்கங்களில்தான் முதலில் காற்றைப் பிடித்தார்கள். அப்போது ஏற்கத்தக்கதாகக் கருதப்பட்ட ரேடான் எல்லையைப்போல் பல நூறு மடங்கு வரை இருந்தது. காற்றோட்டமே இல்லாத முட்டுச்சந்துச் சுரங்கங்கள் அவை. வெடி வைத்த புகை அடங்குமுன்பே ஆட்களை உள்ளே அனுப்பினார்கள். உள்ளேயே சாப்பிட்டார்கள், பாறையில் சொட்டிய நீரைக் குடித்தார்கள். நவஹோ தொழிலாளிகளில் பலருக்கு மணிக்கு ஒரு டாலருக்கும் குறைவான கூலி.

அறிவியலில் முக்கியத் திருப்பம் 1951இல் வந்தது. ரேடான் ஒரு மந்த வாயு, மூச்சில் வந்தது மூச்சிலேயே பெரும்பாலும் வெளியேறிவிடும். அப்படியானால் நுரையீரலைச் சுடுவது எது? ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் வில்லியம் பேல், ஆணையத்து ஆய்வகத்தின் ஜான் ஹார்லி இருவரும் விடை கண்டார்கள். ரேடான் சிதைந்து உண்டாகும் பொலோனியம், காரீயம், பிஸ்மத் ஆகிய சேய்த் தனிமங்கள்தான். அவை வாயு அல்ல, திட அணுக்கள். தூசியில் ஒட்டிக்கொண்டு மூச்சுக்குழாய்ச் சுவரில் படிந்துவிடும். அவற்றின் ஆயுள் நிமிடக் கணக்குதான் என்பதால் உடல் அவற்றைத் துப்புவதற்குள் ஆல்ஃபா துகள்களை வீசித் தீர்த்துவிடும். ரேடானை மட்டும் வைத்துப் போட்ட கணக்கைவிட உண்மையான பாதிப்பு பல மடங்கு அதிகம் என்று தெரிந்தது.

இந்தக் கண்டுபிடிப்பில் ஒரு நல்ல செய்தியும் இருந்தது. சேய்த் தனிமங்கள் சேர நேரம் பிடிக்கும். காற்று தேங்காமல் ஓடினால் அவை குவியவே முடியாது. ஹாலடேயின் குழு சுரங்கங்களில் ஊதுவிசிறியும் குழாயும் வைத்துச் சோதித்தது, அளவு மளமளவென்று இறங்கியது. தொழில்நுட்பத்தில் இதில் புதிது ஒன்றுமில்லை. நிலக்கரிச் சுரங்கக்காரர்களுக்கு இது பழகிய வேலை.

1956இல் ஹவர்ட் குஸ்னெட்ஸ் அளப்பதையும் எளிதாக்கினார். சின்ன பம்பால் ஐந்து நிமிடம் காற்றை வடிதாளின் வழியே இழுக்க வேண்டும். 40 முதல் 90 நிமிடத்துக்குள் அந்தத் தாளில் ஆல்ஃபா எண்ணிக்கை எடுத்து, நேரத்துக்கேற்ற எண்ணால் வகுத்தால் சுரங்க வாசலிலேயே விடை வந்துவிடும். கண்ணாடிக் குடுவையை ஆய்வகத்துக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டாம். 1957இல் பொதுச் சுகாதாரச் சேவை வெளியிட்ட 494ஆம் எண் நூல், ‘பணி அளவு’ என்ற அலகை முறைப்படி வைத்தது. ஒரு லிட்டர் காற்றில் 100 பிக்கோகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) ரேடானும் அதற்கு ஈடான சேய்த் தனிமங்களும் இருந்தால் அது ஒரு பணி அளவு. சரி, எதை அளப்பது, எப்படி அளப்பது, எப்படிக் குறைப்பது என்ற மூன்றுக்கும் 1957க்குள் அச்சில் பதில் வந்துவிட்டது.

தொழிலாளிக்கு இதைச் சொன்னார்களா? இல்லை. சுரங்க உரிமையாளர்கள் உள்ளே விட்டால்தான் ஆய்வே நடக்கும். ஆட்களைப் பயமுறுத்தக் கூடாது என்ற புரிதலோடுதான் அனுமதி கிடைத்தது. ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். எதற்காக என்பதை முழுதாகச் சொல்லவில்லை. ஹாலடேயின் நிலைமையும் இக்கட்டானதுதான். அவருடைய நிறுவனத்துக்குச் சுரங்கத்தை மூட அதிகாரம் கிடையாது. கதவு சாத்தப்பட்டால் தரவும் போய்விடும். அவர் மாநிலங்களிடமும் நிறுவனங்களிடமும் ஓயாமல் சொன்னார். அந்தக் காற்றைச் சுவாசிக்கிற தொழிலாளியிடம் மட்டும் சொல்லவில்லை. 1995இல் மனிதர் மீதான கதிர்வீச்சுச் சோதனைகளை விசாரித்த அமெரிக்க அதிபரின் ஆலோசனைக் குழு இந்த மௌனத்தைக் கண்டித்தது.

கைப்பிடி யாரிடம் இருந்தது

ஆணையத்தின் தரப்பையும் கேட்க வேண்டும். 1950இல் அமெரிக்க யுரேனியத் தொழிலாளி யாருக்கும் புற்று வந்ததாகப் பதிவு இல்லை. புற்று வெளிப்பட பத்து, இருபது ஆண்டு ஆகும். சுரங்கங்களோ நூற்றுக்கணக்கில், அதில் பல இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்தியவை, இன்றைக்குத் திறந்து நாளைக்கு மூடுபவை. கண்காணிப்பது லேசில்லை. சட்டமும் தெளிவாக இல்லை.

இதில் முதல் மூன்றையும் நான் ஏற்கிறேன். சட்டக் காரணம்தான் நிற்கவில்லை. அதே ஆணையம், பெரிலியம் உலோகத்தால் தொழிலாளிகளுக்கு நுரையீரல் நோய் வருகிறது என்று தெரிந்ததும், ஒப்பந்தத்தில் நிபந்தனை போட்டு ஆலைகளைத் திருத்தியது. வாங்குபவர் என்ற பலம் ஒன்றே போதுமானதாக இருந்தது. யுரேனியத்தில் அதைவிடப் பெரிய பலம் இருந்தது, ஏனென்றால் வேறு வாங்குபவரே கிடையாது. 0.10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் விலை இல்லை என்று எழுத முடிந்த சுற்றறிக்கையில், காற்றோட்டம் இல்லாத சுரங்கத்துத் தாது வாங்கப்படமாட்டாது என்று ஒரு வரி சேர்க்க முடியாதா? ஆணையமே ஒதுக்கிவைத்துக் குத்தகைக்கு விட்ட நிலங்களில் நிலத்துக்குப் பொறுப்பாளரே அதுதான். அங்கே மாநில அதிகாரம் என்ற சாக்கு இன்னும் பலவீனமானது.

அமைப்பைப் பார்த்தால் காரணம் பிடிபடுகிறது. புவியியலாளரின் அறிக்கை போய்ச் சேர்ந்த மேசை ஆணையத்தின் மூலப்பொருள் பிரிவு. பணம், விலை, சாலை, ஒப்பந்தம் எல்லாம் அந்தப் பிரிவின் கையில். அறிக்கை வந்தால் அடுத்த நாளே ஒரு துளைக் கருவியை நகர்த்த முடியும். ஹாலடேயின் அறிக்கை போனது நான்கு மாநிலங்களின் சுகாதாரத் துறைகளுக்கும் சுரங்க ஆய்வாளர்களுக்கும். அவர்களிடம் ஆளும் இல்லை, கருவியும் இல்லை. யுரேனியத்தால் ஊர் செழித்துக்கொண்டிருந்தபோது கண்டிப்பு காட்ட அரசியல் துணிவும் இல்லை. நவஹோ நிலத்திலோ மாநிலச் சட்டம் செல்லுமா என்பதே குழப்பம். இப்படி யாருடைய மேசையிலும் தங்காமல் அந்த அறிக்கை சுற்றிக்கொண்டிருந்தது.

1957க்குப் பிறகு

அவசரம் என்ற விளக்கம் இங்கேதான் உடைகிறது. 1957 அக்டோபரில் மூலப்பொருள் பிரிவின் இயக்குநர் ஜெஸ்ஸி ஜான்சன், உற்பத்தியை இனியும் பெருக்குவது அரசுக்குத் தேவையில்லை என்று அறிவித்தார். தாது குவிந்துவிட்டது. 1958 நவம்பரில் ஆணையம் இன்னும் ஒரு படி போய், அதுவரை கண்டுபிடித்த தாது இருப்புகளுக்கு மட்டும்தான் வாங்குவோம், புதிதாகக் கண்டுபிடிப்பவற்றுக்கு உத்தரவாதம் இல்லை என்றது. சுரங்கங்களை மெதுவாக்குவதே அரசின் நோக்கமாகிவிட்டது. காற்றோட்டம் வைத்தால் உற்பத்தி தடைப்படும் என்ற பயத்துக்கு இனி இடமே இல்லை. அளக்கும் முறையும் அலகும் அச்சாகிவிட்டன. அப்படியும் பத்து ஆண்டு போனது.

அந்தப் பத்தாண்டில் நடந்தது சாவுகளின் கணக்கெடுப்பு. பொதுச் சுகாதாரச் சேவை பின்தொடர்ந்த தொழிலாளிகள் நான்காயிரத்தை ஒட்டி இருந்தார்கள். 1960 டிசம்பரில் டென்வரில் மாநில ஆளுநர்களைக் கூட்டி, நுரையீரல் புற்று எதிர்பார்த்ததைவிடத் தெளிவாகக் கூடுதல் என்று சொன்னார்கள். 1965இல் வேகனர், ஆர்ச்சர் குழுவின் கட்டுரை நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. கதிர்வீச்சு ஏற்கும் அளவு கூடக்கூடப் புற்றும் கூடுகிறது என்று அது காட்டியது. பத்திரிகைகள் கையில் எடுத்த பிறகு 1967இல் தொழிலாளர் துறைச் செயலர் வில்லார்ட் விர்ட்ஸ், அரசு ஒப்பந்தங்களுக்கான பழைய வால்ஷ்-ஹீலி சட்டத்தைப் பிடித்துக்கொண்டு 0.3 பணி அளவு என்ற எல்லையை அறிவித்தார். அரசுக்குத் தாது விற்பவர் இதைப் பின்பற்ற வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. ஆணையம் தன்னால் முடியாது என்று இருபது ஆண்டாகச் சொல்லிவந்த அதே வழி.

எதிர்ப்பு வராமல் இல்லை. அணுசக்திக்கான நாடாளுமன்றக் கூட்டுக் குழு மாதக்கணக்கில் விசாரித்தது. அதே ஆண்டு கூட்டாட்சிக் கதிர்வீச்சு மன்றம் ஆண்டுக்கு 12 பணி அளவு மாதங்கள் என்ற தளர்வான எல்லையைப் பரிந்துரைத்தது. ஒரு பணி அளவு உள்ள காற்றில் ஒரு மாதம் வேலை செய்தால் அது ஒரு பணி அளவு மாதம். விர்ட்ஸ் சொன்னதை ஓர் ஆண்டுக்குப் பெருக்கினால் கிட்டத்தட்ட 4 வரும். 1970களின் தொடக்கத்தில் கடைசியாக எல்லை அந்த 4லேயே வந்து நின்றது. ஆணையத்தின் கொள்முதல் 1970 டிசம்பரோடு முடிந்துவிட்டிருந்தது.

நவஹோ தொழிலாளிகளும் விதவைகளும் தொடுத்த வழக்கை அரிசோனா கூட்டாட்சி நீதிமன்றம் 1984இல் தள்ளுபடி செய்தது. எச்சரிப்பதா வேண்டாமா என்பது அரசு அதிகாரிகளின் விருப்பத்துக்கு உட்பட்ட கொள்கை முடிவு, அதற்காக அரசை வழக்குக்கு இழுக்க முடியாது என்பது காரணம். நிவாரணம் நாடாளுமன்றத்தின் வழியாகத்தான் வந்தது. 1990இல் கதிர்வீச்சுப் பாதிப்பு இழப்பீட்டுச் சட்டம், தகுதியுள்ள சுரங்கத் தொழிலாளிக்கோ அவர் குடும்பத்துக்கோ 1,00,000 டாலர் தந்தது. மன்னிப்பும் சட்டத்திலேயே எழுதப்பட்டது. தகுதியை நிரூபிக்க எவ்வளவு பணி அளவு ஏற்றார் என்று காட்ட வேண்டியிருந்தது. அதற்கு எழுபதைத் தொட்டவர்கள் பழைய சம்பளச் சீட்டுகளைத் தேடி அலைந்தார்கள்.

அந்தத் தொழிலாளிகளின் தரவு இன்று வேறு வேலைக்கும் பயன்படுகிறது. வீடுகளின் அடித்தளத்தில் கசியும் ரேடானால் எவ்வளவு ஆபத்து என்று கணக்கிடும்போது, உலகின் பல சுரங்கக் குழுக்களோடு கொலராடோ குழுவையும் சேர்த்தே கணக்குப் போடுகிறார்கள். நவஹோ நிலத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கைவிடப்பட்ட யுரேனியச் சுரங்கங்களைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2007இல் பட்டியலிட்டது. அதைத் தொகுத்தவர்கள் நாடிய ஆதாரங்களில் ஆணையத்தின் பழைய உற்பத்திப் பதிவேடுகளும் உண்டு. எந்தச் சுரங்கத்திலிருந்து எத்தனை டன், எந்தத் தரத்தில் வந்தது என்பதை அவற்றில் ஒழுங்காக எழுதி வைத்திருந்தார்கள்.